தழுவலும் பிடித்தலும்

கலித்தொகையின் முல்லைக்கலியை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் ஏறுதழுவலைச் சொல்லிப் புளகாங்கிதம் அடைகிறோம். சல்லிக்கட்டுக்கென 2017இல் தமிழகச் சட்டமன்றம் இயற்றிய திருத்தத்தை 2023இல் உச்ச நீதிமன்றம் ஏற்றபோது கட்டுரைகளாய் எழுதிக் குவித்தோம். நல்லது. ஆனால் தொழுவத்தில் அன்றாடம் மாட்டைப் பிடிக்கிறவர்களைப் பற்றி ஒரு வரியேனும் எழுதினோமா?

குத்துக்கல்வலசையில் கோமாரித் தடுப்பூசி போடும் காலையொன்றைப் பார்த்தோம். மூக்கணாங்கயிற்றை இழுக்க ஒருவர், வாலைத் திருக ஒருவர், கொம்பைப் பற்றிக்கொண்டு வீட்டம்மா. "பொல்லாத மாடு சார்" என்றார் ஒருவர். பொல்லாப்பு அன்று அது, அச்சம். பசுவின் பார்வை ஏறத்தாழச் சுற்றிலும் விரியும். நேர் பின்புறம் மட்டுமே அதற்குத் தெரியாது. அங்கிருந்து நெருங்கினால் உதைக்கத்தான் செய்யும். பின்னங்காலைப் பக்கவாட்டிலும் வீசும்.

இங்கு வேண்டுவது வீரமன்று. நான்கு தூண் நட்டுக் குறுக்குக் கம்பு பூட்டிய ஒரு சட்டம். தலையைக் கட்ட, ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சு. தோள்பக்கமாகக் குரல்கொடுத்து வரும் பொறுமை. கால்நடை மருந்தகங்களில் காணும் அச்சட்டம் ஊர்தோறும் ஏன் இல்லை? கோமாரிக்கு ஆறு மாதத்துக்கொரு முறை ஊசி. ஒருமுறை முட்டு வாங்கியவர் மறுமுறை மாட்டை அவிழ்த்துவரத் தயங்குவார், நோய் தயங்காது. வாடிவாசல் எழுப்பத் தெரிந்த நாட்டுக்கு நான்கு தூண் நடத் தெரியாதா?

தழுவியவனைப் பாடியது போதும். பிடித்து நிற்பவளின் விரல் முறியாதிருக்கட்டும், பிறகு பாடுவோம்.