எண்ணெய் விட்டால் சரியாகிவிடுமா?



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டதும் "நாளைய இந்தியா", "இளைஞர் சக்தி" என்று ஏதாவது எழுதலாமா என்றுதான் முதலில் நினைத்தேன். அதை எழுத நம் கல்லூரியில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் ஒரு பழைய கேமராவைப் பற்றி எழுதுகிறேன். உண்மையைச் சொன்னால், அதை நான் கெடுத்த கதையை எழுதுகிறேன். பிறகு சரியும் செய்தேன். ஆனால் கெடுத்த கதையில்தான் நம் எல்லாருக்கும் விஷயம் இருக்கு.

என் தாய்மாமா ஸ்டுடியோ வைத்திருந்தவர். கடையை மூடியபோது எல்லாவற்றையும் விற்றுவிட்டு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டார். யாஷிகா மேட் 124ஜி. 1970இல் வந்த ஜப்பான் மாடல். முன்பக்கம் மேலும் கீழுமாக இரண்டு லென்ஸ். மேல் லென்ஸ் பார்ப்பதற்கு, கீழ் லென்ஸ் படம் பிடிப்பதற்கு. குனிந்து பார்த்தால் கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடம் வலமாகத் தெரியும். 120 ரோல் போட்டால் 12 படம், அவ்வளவுதான். எங்கள் ஊர்க் கல்யாணங்களில் பாதியை அந்தப் பெட்டிதான் பார்த்திருக்கும். "ஷட்டர் இழுக்குது மாப்ளே, நீதான் டிப்ளமா படிக்கிறியே, பாரு" என்று என் கையில் கொடுத்தார்.

பார்த்தேன். 500இல் ஒரு வினாடி வைத்தால் எப்படியோ அடிக்கிறது. 1 வினாடி வைத்தால் "கிர்ர்..." என்று பாதி வந்து நின்றுவிடுகிறது. எனக்கு உடனே விடை தெரிந்துவிட்டது! உராய்வைக் குறைக்க என்ன செய்ய வேண்டும்? மசகு எண்ணெய் இட வேண்டும். இரண்டு மார்க் கேள்வி. அம்மாவின் தையல் மெஷின் எண்ணெயை எடுத்து, ஷட்டர் ஓரத்தில் செல்ஃப் டைமர் லீவர் இடுக்கில் இரண்டு சொட்டு விட்டேன். அஞ்சு நிமிஷம் அருமையாக ஓடியது. "நாம யாரு!" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

மறுநாள் காலை ஷட்டர் பாதி திறந்தபடி அப்படியே நின்றது. பிளேடுகள் மேல் எண்ணெய் பளபளக்கிறது. 500 கிடையாது, 1 வினாடியும் கிடையாது, எதுவுமே கிடையாது.

இரண்டு வாரம் மாமாவிடம் சொல்லவில்லை. "பார்த்துக்கிட்டிருக்கேன் மாமா, பரீட்சை இருக்கு மாமா" என்று நாளைக் கடத்தினேன். அவருக்கு என்று மிஞ்சியது அந்த ஒரு பெட்டி. அதையும் நான் கொன்றுவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெட்டியோடு போய் நின்று, "எண்ணெய் விட்டுட்டேன் மாமா" என்றேன்.

அவர் திட்டவில்லை. ஒரு கேள்விதான் கேட்டார். "மெஷின்னா எண்ணெய்னு எவன்டா சொன்னான்?"

பிறகு இரண்டு கண்ணாடித் துண்டுகளை எடுத்து ஒன்றன் மேல் ஒன்று வைத்தார். சுலபமாக நகர்ந்தது. நடுவில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு அழுத்தினார். இப்போது நகர்த்திப் பார் என்றார். ஒட்டிக்கொண்டு இழுத்தது. அங்கேதான் எனக்கு உறைத்தது. ஷட்டர் பிளேடு என்பது முடியைப் போன்ற மெல்லிய தகடு. ஒன்றன் மேல் ஒன்று படிந்து, நடுவிலிருந்து விரிந்து திரும்ப மூட வேண்டும். 500இல் ஒரு வினாடி என்றால் 2 மில்லி வினாடியில் அத்தனையும் நடந்தாகணும். அவற்றைத் தள்ளும் ஸ்பிரிங் ரொம்பச் சின்னது. எண்ணெய்ப் படலத்தின் பிசுபிசுப்பை மீற அதற்குப் பலம் கிடையாது. பிளேடு காய்ந்த தகடாகவே ஓட வேண்டும். 1 வினாடி, அரை வினாடி போன்ற மெதுவான வேகங்களுக்கு உள்ளே குட்டிப் பற்சக்கரத் தொகுதி இருக்கு. கடிகாரம் மாதிரி. அந்தச் சக்கரங்களின் முனைக்கு மட்டும் ஊசி முனையளவு எண்ணெய். அது பல வருஷத்தில் கெட்டியாகிப் பிசினானதுதான் முதல் கோளாறு. அதாவது, பழைய எண்ணெயால் வந்த நோய்க்கு நான் புது எண்ணெயை மருந்தாக ஊற்றியிருக்கிறேன்!

வைத்தியம் எளிதுதான், பொறுமைதான் வேணும். கீழ் லென்ஸின் முன் தொகுதியை ஒரு ரப்பர் துண்டை அழுத்தி இடப்பக்கம் திருகினால் முழுசாகக் கழன்று வரும். உள்ளே பிளேடு தெரியும். இந்தக் கேமராவில் முன்பலகை முழுவதும் நகர்ந்து ஃபோகஸ் ஆவதால், திரும்ப இறுக்கி மாட்டினால் போதும். சில பழைய கேமராக்களில் முன் லென்ஸைத் திருகித்தான் ஃபோகஸ் செய்வார்கள். அங்கே கழற்றும் முன் குறி போடாவிட்டால் ஃபோகஸ் போச்சு.

பிறகு லைட்டரில் ஊற்றும் பெட்ரோல். வண்டிக்குப் போடும் பெட்ரோல் கூடாது, காய்ந்தாலும் கறை விடும். பஞ்சுக் குச்சியில் லேசாக நனைத்து, பிளேடை அழுத்தாமல் தடவி, ஷட்டரை இருபது முப்பது தடவை அடிக்க வேண்டும். இடுக்கிலிருந்து எண்ணெய் கசிந்து மேலே வரும். காய்ந்த பஞ்சால் துடைக்க வேண்டும். திரும்பவும் அதே. நான் ஒன்பது சுற்று செய்தேன். அவசரப்பட்டுக் கொட்டினால் கரைந்த எண்ணெய் பின் லென்ஸில் போய்ப் படியும். ஜன்னலைத் திறந்து வைத்து, அடுப்பு, விளக்கு எதுவும் பக்கத்தில் இல்லாமல் செய்யுங்க. அது பெட்ரோல், மறக்காதீங்க.

மாலையில் "டிக்" என்று ஒரு சத்தம். மாமா முகத்தைப் பார்க்கணுமே!

அடுத்தது அளப்பது. பின்கதவைத் திறந்து வெளிச்சத்துக்கு நேராக வைத்து, வினாடிக்கு 240 படம் எடுக்கும் செல்போன் ஸ்லோமோஷனில் ஷட்டரைப் பிடித்தேன். 1 வினாடிக்கு 240 படம் வர வேண்டும். 30இல் ஒரு வினாடிக்கு 8 வர வேண்டும். (500ஐ இப்படி அளக்க முடியாது. ஒரு படத்துக்குள்ளேயே முடிந்துவிடும்.) எண்ணிப் பார்த்தேன். 30இல் ஒன்றுக்கு 9. 1 வினாடிக்கு 300. அதாவது ஒன்றேகால் வினாடி.

தோழர்களே, இங்கேதான் என் கருத்தைச் சொல்ல வேண்டும். 300 என்று எழுதும்போது என் கை தயங்கியது. இதுவே லேபாக இருந்தால் நான் என்ன எழுதியிருப்பேன்? கண்ணை மூடிக்கொண்டு 240 என்று எழுதியிருப்பேன்! சீனியர் ரெக்கார்டில் என்ன இருக்கோ, அதுதானே நம் ரீடிங்? பிழை சதவீதத்தைக்கூடக் காப்பி அடிப்பவர்கள் நாம். யாரையும் குறை சொல்லவில்லை, நானும் அந்தக் கூட்டம்தான். சரியான விடை வந்தால்தான் மார்க் என்று பழகிவிட்டதால், தவறு நடந்தால் மறைக்கிறோம். இரண்டு வாரம் நான் மாமாவிடம் மறைத்ததும் அதே பழக்கம்தான். அந்த 300ஐ உள்ளபடி சொன்னதால்தான் மாமா சொன்னார்: "சக்கரத்துல இன்னும் கொஞ்சம் பிசின் இருக்கு. கால் வினாடிதானே, ஃபிலிம் தாங்கிக்கும். இதுக்கு மேல திறக்காதே." 240 என்று சொல்லியிருந்தால் அந்த அறிவுரை எனக்குக் கிடைத்திருக்குமா?

"போனிலேயே படம் எடுக்கலாம், இந்தப் பழைய பெட்டி எதுக்கு?" என்று ஒரு நண்பன் கேட்டான். நியாயமான கேள்வி. படத்துக்காக மட்டும் என்றால் தேவையில்லைதான். ஆனால் போனைத் திறந்தால் எது எதைத் தள்ளுகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. இதில் தெரியும். ஸ்பிரிங், லீவர், பற்சக்கரம், பிசுபிசுப்பு என்று நாம் நான்கு பேப்பரில் படித்ததெல்லாம் ஒரு உள்ளங்கை அகலத்தில் இருக்கு. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுது பார்க்கும் உரிமைக்கென்று ஓர் இணையதளம் தொடங்கியது. பிரான்ஸில் 2021 ஜனவரி முதல் சில மின்பொருள்களுக்கு, பழுது பார்க்க எவ்வளவு எளிது என்று 10க்கு மதிப்பெண் போட வேண்டும் என்பது சட்டம். நல்லதுதான். ஆனால் உரிமை வந்து என்ன பயன், திறக்கத் தெரிந்த கை இல்லாவிட்டால்?

அதற்காகக் கண்டதையும் வீட்டில் திறக்கச் சொல்லவில்லை. ஃபிளாஷ் உள்ள கேமராவில் பேட்டரியை எடுத்த பிறகும் கெப்பாசிட்டரில் 300 வோல்ட் வரை நிற்கலாம். விளையாட்டு இல்லை. எதைத் திறக்கக் கூடாது என்று தெரிந்துகொள்வதும் படிப்புதான்.

நம் மாணவர் சங்கத்துக்கு ஒரே ஒரு வேண்டுகோள். ஒர்க்‌ஷாப்பில் ஒரு மேசை கேளுங்கள். அதில் வேலை செய்யாத கடிகாரம், ரேடியோ, கேமரா எதையும் கொண்டுவந்து, தெரிந்த ஆசிரியர் ஒருவர் பக்கத்தில் இருக்க, திறந்து பார்க்கலாம். மார்க் கிடையாது. ஒரு நோட்டு மட்டும் இருக்கட்டும். என்ன கோளாறு, என்ன நினைத்தோம், எங்கே தவறினோம் என்று உள்ளபடி எழுதணும். முதல் பக்கத்தில் என் இரண்டு சொட்டு எண்ணெயை நானே எழுதித் தருகிறேன்.

பிறகு ஒரு ரோல் போட்டு நானும் மாமாவும் 12 படம் எடுத்தோம். 11 நன்றாக வந்தது. ஒன்று ஆடிப் போயிருந்தது. அதற்கு ஷட்டரைக் குறை சொல்ல முடியாது, என் கைதான் ஆடியது. அதையும் உள்ளபடியே சொல்லிவிட்டேன்.