வடக்குக்குத் தேவை புனர்வாழ்வு முகாமா, உளமருத்துவ விடுதியா?

"தம்பி, எங்கையாவது கொண்டுபோய் அடைச்சு வையுங்கோ. பிள்ளை உயிரோட இருந்தால் எனக்குக் காணும்."

கிளிநொச்சி மாவட்டத்தின் கிராமமொன்றில் இருந்து ஒரு தாய் தொலைபேசியில் இப்படிக் கேட்டபோது என்னிடம் உடனே பதில் இருக்கவில்லை. அவருடைய மகனுக்கு 22 வயது. முள்ளிவாய்க்காலில் இருந்து வெளியே வந்தபோது ஆறு வயது. தகப்பன் வட்டுவாகலில் சரணடைந்தவர். இன்றுவரை தகவல் இல்லை. மகன் பள்ளிக்காலத்தில் மாவாவில் தொடங்கி, கஞ்சாவுக்குப் போய், ஐஸ்ஸில் வந்து நின்றான். இரண்டு மாதமாக இரவில் நித்திரை இல்லை. கிணற்றடியில் ஆட்கள் நின்று தன்னைப் பார்க்கிறார்கள் என்று சொல்லிக் கத்தியோடு வெளியே ஓடுகிறான். வீட்டில் இருந்த காஸ் சிலிண்டரும் தகப்பனின் சைக்கிளும் விற்கப்பட்டுவிட்டன.

நான் வைத்தியன் அல்ல. யுத்தத்துக்குப் பின்னான வன்னியைப் பற்றி எழுதி வருபவன். ஆனால் இந்தக் கேள்வி இப்போது மாதத்துக்கு ஒரு தடவையாவது என்னிடம் வருகிறது. எந்த இடம் நல்லது? அங்கே விட்டால் பிள்ளை திருந்தி வருவானா? இதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால், ஒரு சிகிச்சை நிலையத்தை எதைக்கொண்டு அளப்பது என்பதில் முதலில் எமக்குத் தெளிவு வேண்டும்.

இரண்டு வாசல்கள்

அந்தத் தாயோடும் மகனோடும் இரண்டு இடங்களுக்குப் போனேன். முதலாவது தனியார் நிலையம். உயர்ந்த மதில், பூட்டிய கேற், வாசலில் '100 வீதம் குணம்' என்ற பலகை. மேசையில் இருந்தவர் மகனைத் திரும்பியும் பார்க்கவில்லை. மூன்று மாதக் கட்டணத்தை முற்பணமாகக் கட்ட வேண்டும், முதல் 45 நாட்களுக்குப் பெற்றோர் பார்க்க வரக்கூடாது என்றார். வைத்தியர் யார் என்று கேட்டேன். "கிழமையில் ஒருக்கால் வருவார்" என்றார். வெளியே வந்ததும் தாய் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "கொடியை அடகு வைச்சால் கட்டலாம் தம்பி. ஆனா அவர் இருக்கிறார் எண்டுதானே இதைக் கழட்டாமல் இருக்கிறன்."

இரண்டாவது, வடக்கில் உள்ள ஓர் அரச வைத்தியசாலையின் உளமருத்துவப் பிரிவு. சுவரில் வர்ணம் உரிந்திருந்தது. வாங்கில் இடமில்லாமல் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். இரண்டு மணித்தியாலம் காத்திருந்தோம். ஆனால் அங்கிருந்த வைத்தியர் மகனைத் தனியாக இருத்தி நெடுநேரம் கதைத்தார். இரத்தம் எடுக்கச் சொன்னார். தகப்பனைப் பற்றிக் கேட்டார். பிறகு தாயை அழைத்து, "நீங்கள் நித்திரை கொள்ளுறீங்களா அம்மா?" என்று கேட்டார். அந்தப் பெண்ணிடம் அதைப் பல வருடங்களாக ஒருவரும் கேட்டிருக்கவில்லை. கடைசியாக மகனிடம், "சில நாள் இங்கே இருந்து பார்ப்பமா?" என்று கேட்டார். அவன் தலையாட்டினான்.

அளவுகோல் அங்கிருந்துதான் தொடங்குகிறது. காசு கேட்பதற்கு முன் நோயாளியைப் பரிசோதிக்கிறார்களா? அவனுடைய சம்மதத்தைக் கேட்கிறார்களா?

'புனர்வாழ்வு' என்ற சொல்

எங்கள் மக்களுக்குப் 'புனர்வாழ்வு' என்பது மருத்துவச் சொல் அல்ல. 2009 க்குப் பின் ஏறத்தாழ 12,000 முன்னாள் போராளிகள் அந்தப் பெயரிலேயே முட்கம்பிக்குள் வைக்கப்பட்டார்கள். அந்தப் பணியைச் செய்த புனர்வாழ்வு ஆணையாளர் நாயகத்தின் பணியகமே பின்னர் போதைப்பொருளுக்கு அடிமையானோரையும் பொறுப்பேற்றது. பொலன்னறுவை மாவட்டத்தின் கந்தக்காடு நிலையம் அதற்குக் கீழேயே இயங்கியது. 2022 ஜூன் மாத இறுதியில் அங்கே ஒருவர் உயிரிழந்தார். அதைத் தொடர்ந்து பெரும் குழப்பம் மூண்டு நூற்றுக்கணக்கானோர் தப்பி ஓடினர். அந்த மரணம் தொடர்பில் படையினர் நால்வர் கைது செய்யப்பட்டனர்.

அதே ஆண்டில் புனர்வாழ்வுப் பணியகச் சட்டமூலம் கொண்டுவரப்பட்டது. போதைக்கு அடிமையானோர், முன்னாள் போராளிகள், வன்முறைத் தீவிரவாதக் குழுக்களைச் சேர்ந்தோர் எல்லோரும் அதில் ஒரே வரிசையில் வைக்கப்பட்டிருந்தார்கள். அரசியலமைப்புக்கு முரண் என்று உயர் நீதிமன்றம் சுட்டிக்காட்டிய பின்னரே, போதைக்கு அடிமையானோர் தவிர்ந்த ஏனைய பிரிவினர் நீக்கப்பட்டு, 2023 ஜனவரியில் அது சட்டமாகியது. வரைவை எழுதியவர்களின் கண்ணில் நோயாளியும் போராளியும் ஒரே ஆளாகத் தெரிந்திருக்கிறார்கள் என்பதை நாங்கள் மறக்கக்கூடாது.

கட்டாய சிகிச்சைக்கு 2007 ஆம் ஆண்டின் 54 ஆம் இலக்கச் சட்டமும் நீதிமன்றம் ஊடாக இடமளிக்கிறது. 2022 நவம்பரில் வந்த திருத்தம் ஐந்து கிராம் அல்லது அதற்கு மேற்பட்ட ஐஸ்ஸுக்கு மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை என்றது. 2023 டிசம்பரில் 'யுக்திய' நடவடிக்கை தொடங்கி ஆயிரக்கணக்கானோர் கைதாகினர். ஆனால் கட்டாய தடுப்பு நிலையங்களை மூடுமாறு ஐ.நா.வின் 12 அமைப்புகள் கூட்டாகக் கேட்டது 2012 ஆம் ஆண்டிலேயே. உலகம் கைவிடச் சொல்லும் வழியில் நாங்கள் வேகமாக நடக்கிறோம்.

முதல் பத்து நாட்கள்

போதையை நிறுத்துவது மன உறுதி சம்பந்தப்பட்டது மட்டுமே என்றொரு எண்ணம் எங்களிடம் இருக்கிறது. உடம்பு அப்படி இயங்குவதில்லை. பல வருடங்களாக நாள்தோறும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் முதல் இரண்டு நாட்களில் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் நடுக்கம், காய்ச்சல், இல்லாததைக் காணுதல் என்று வளர்ந்து உயிரையே எடுக்கலாம். வலிப்பைத் தடுக்கும் மருந்தும் தயமின் என்ற விற்றமினும் நேரத்துக்குக் கிடைத்தால் இந்த மரணங்களில் பெரும்பாலானவற்றைத் தவிர்க்கலாம். அறையில் பூட்டி வைத்துத் தேசிக்காய்த் தண்ணீர் கொடுப்பது சிகிச்சை அல்ல.

ஹெரோயின் வேறு மாதிரி. உடல் நோவும் வயிற்றோட்டமும் இரண்டு மூன்று நாட்களில் உச்சத்துக்குப் போய், பத்து நாட்களுக்குள் பெரும்பாலும் தணிந்துவிடும். ஆபத்து அதற்குப் பிறகுதான். மாதக்கணக்கில் பாவிக்காமல் இருந்தவரின் உடம்பு பழைய அளவைத் தாங்காது. வெளியே வந்த முதல் கிழமையில் அதே அளவை எடுத்தால் மூச்சு நின்றுபோகும். ஆகவே வெறுமனே அடைத்து வைத்துவிட்டுத் தொடர் சிகிச்சை இல்லாமல் விடுவது, சில வேளைகளில் அடைக்காமல் விடுவதைவிட ஆபத்தானது. மெதடோன், பியூப்ரினோபின் ஆகிய மருந்துகளை உலக சுகாதார நிறுவனம் 2005 இலேயே அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது இதனாலேயே.

ஐஸ்ஸுக்கு அப்படியொரு மாற்று மருந்து இல்லை. நிறுத்தியதும் நாட்கணக்கில் நித்திரை, பிறகு கடும் மனச்சோர்வு, தற்கொலை எண்ணம். குரல் கேட்பதும் சந்தேகமும் பலருக்குச் சில கிழமைகளில் அடங்கும். சிலருக்கு அடங்காது. அது ஐஸ்ஸின் விளைவா, உள்ளே இருந்த வேறு உளநோயா என்பதைக் காலம் எடுத்துப் பார்க்க உளமருத்துவர் வேண்டும்.

ஆகவே இரண்டாவது கேள்வி: இரவு இரண்டு மணிக்கு வலிப்பு வந்தால் அங்கே யார் இருப்பார்கள்?

போதைக்குக் கீழே இருப்பது

2009 இல் யாழ். மாவட்டத்தில் நடத்தப்பட்டு 2011 இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியான ஆய்வொன்றில், பங்குபற்றியோரில் 7 வீதமானோரிடம் மனவடுவுக்குப் பின்னான நெருக்கீட்டு நோயின் அறிகுறிகளும், 32.6 வீதமானோரிடம் பதகளிப்பும், 22.2 வீதமானோரிடம் மனச்சோர்வும் காணப்பட்டன. அப்போதும் இடம்பெயர்ந்திருந்தவர்களிடம் இவை இன்னும் அதிகம். பேராசிரியர் தயா சோமசுந்தரம் இதைக் கூட்டு மனவடு என்று எழுதினார். தனி ஆளின் மனம் மட்டுமல்ல, குடும்பமும் ஊரும் நம்பிக்கையும் சேர்ந்தே உடைந்தன என்பது அதன் பொருள்.

கனவில் ஷெல் விழுவதால் நித்திரைக்காகக் குடிக்கிறவரிடம் குடியை மட்டும் எடுத்தால் கனவு அங்கேயே இருக்கும். தகப்பன் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமல் வளர்ந்தவனுக்குத் துக்கம் கொண்டாடவும் வழியில்லை. எல்லா இளைஞரும் யுத்தத்தால்தான் போதைக்குப் போனார்கள் என்று நான் சொல்லவில்லை. யுத்தத்தைக் காணாத பிள்ளைகளும் ஐஸ் பாவிக்கிறார்கள். கடல்வழியாக வருகிறது, மலிவாகக் கிடைக்கிறது, வேலை இல்லை. ஆனால் எங்கள் வீடுகளில் போதையையும் துயரத்தையும் வேறு வேறு கட்டடங்களில் வைத்துச் சிகிச்சை செய்ய முடியாது.

அதற்கு மொழி வேண்டும். உளவளத்துணை முழுக்க முழுக்கப் பேச்சால் நடப்பது. தமிழ்ப் பிள்ளையைத் தெற்கில் உள்ள நிலையத்துக்கு அனுப்பி, சைகையாலும் அரைகுறைச் சிங்களத்தாலும் தன் கதையைச் சொல் என்று கேட்க முடியாது. சீருடை அணிந்தவர் முன்னால் தகப்பன் சரணடைந்த கதையை எந்த மகன் சொல்வான்? மூன்றாவது கேள்வி இதுதான்: பிள்ளை தன் கதையைத் தன் மொழியில் பயமில்லாமல் சொல்ல அங்கே ஆள் இருக்கிறதா?

வீடு திரும்பிய பின்

உள்ளே அடி உண்டா, சங்கிலி உண்டா, உறவினர் பார்க்கலாமா, முறைப்பாடு செய்ய வழி உண்டா என்று கேட்க வேண்டும். கேட்டால் கோபப்படுகிற இடத்தில் பிள்ளையை விடாதீர்கள். இந்த நாட்டில் உளநோயாளரை அனுமதிக்கும் சட்டத்தின் வேர் 1873 இல் இருக்கிறது, 1956 இல் திருத்தப்பட்டது. நோயாளியின் உரிமையைப் பற்றி அந்தக் காலத்தவர் அதிகம் யோசித்திருக்கவில்லை. அந்த இடைவெளியைக் குடும்பத்தின் கண்தான் நிரப்ப வேண்டியிருக்கிறது.

'100 வீதம் குணம்' என்ற பலகையைக் கண்டால் திரும்பி வாருங்கள். சிகிச்சை பெற்றவர்களில் 40 முதல் 60 வீதமானோர் மீண்டும் ஒருமுறையாவது பாவிக்கிறார்கள் என்று அமெரிக்காவின் தேசிய ஆய்வு நிறுவனமே சொல்கிறது. உயர் இரத்த அழுத்தம், ஆஸ்துமா போன்ற நோய்களிலும் நிலைமை இதுவே. பிரஷர் திரும்ப ஏறினால் நாங்கள் அப்பாவைத் திட்டி வீட்டை விட்டுத் துரத்துவதில்லை, கிளினிக்குக்குக் கூட்டிப் போகிறோம். ஆகவே நல்ல நிலையத்தின் கடைசி அடையாளம், அது பிள்ளையை வீட்டுக்கு அனுப்பும் விதம். அடுத்த கிளினிக் திகதி கையில் இருக்கிறதா? அருகில் உள்ள வைத்தியசாலையின் மனநல வைத்திய அதிகாரிக்குத் தகவல் போகிறதா? வராவிட்டால் யாராவது வீட்டுக்கு வந்து தேடுவார்களா? தொழிலுக்கு யாராவது வழி காட்டுவார்களா?

கேட்க வேண்டியதைக் கேட்போம்

'வடக்குக்கு ஒரு புனர்வாழ்வு நிலையம் வேண்டும்' என்று பொதுக் கூட்டங்களிலும் அபிவிருத்திக் குழுக்களிலும் அடிக்கடி குரல் எழுகிறது. அந்தக் குரலின் பின்னால் இருக்கும் களைப்பை நான் மதிக்கிறேன். மகனுக்குப் பயந்து அயல்வீட்டில் படுக்கிற தாயிடம் மனித உரிமை பற்றி வகுப்பெடுக்க எனக்குத் தகுதி இல்லை. ஆனால் நாங்கள் கேட்பது எது என்று தெரிந்து கேட்க வேண்டும். முகாம் கேட்டால் முகாம் வரும். அதன் வாசலில் யார் நிற்பார்கள் என்பது எங்களுக்குத் தெரியும்.

சுகாதாரத் துறையின் கீழ், மாவட்ட வைத்தியசாலைகளில் போதைச் சிகிச்சைக்கான கட்டில்கள், தமிழ் பேசும் உளவளத்துணையாளர்கள், உளமருத்துவத் தாதியர், வீட்டுக்கு வரும் சமூகப் பணியாளர்கள் என்று பெயர் சொல்லிக் கேட்போம். அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம் என்பது ஏழைக் குடும்பத்துக்கு இன்னும் மிஞ்சியிருக்கும் பெரிய காப்பு. அதைப் பலப்படுத்தாமல் விட்டால் தாலிக்கொடிகள் அடகுக்கடைக்குப் போகும்.

அந்த மகன் மூன்று கிழமை விடுதியில் இருந்தான். குரல்கள் நின்றன. வீட்டுக்கு வந்து இரண்டாம் மாதம் மறுபடியும் ஒரு தடவை பாவித்தான். தாய் எனக்கு அழைத்து அழுதார். "கிளினிக்குக்குப் போங்கோ அக்கா, அங்கே ஏசமாட்டினம்" என்றேன். மகனே முன்னால் நடந்து போனானாம். இப்போது ஒரு மேசன் தொழிலாளியோடு கூலிக்குப் போகிறான். நாளை என்ன நடக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அடுத்த கிளினிக் வரும் செவ்வாய்க்கிழமை. கொப்பியில் திகதி போட்டிருக்கிறார்கள்.

உங்கள் வீட்டிலும் இந்த நிலை இருந்தால், தேசிய மனநல நிறுவகத்தின் 1926, தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 ஆகிய இலக்கங்களுக்கு அழைக்கலாம். அருகில் உள்ள ஆதார வைத்தியசாலையின் உளநல கிளினிக்குக்கு நேரடியாகவும் போகலாம்.