கட்டப்பட்ட உயிரின் உரிமையும் கைக்கூலியின் கண்ணியமும்



எம் மத்ரஸாவில் ஓதி முடித்துப் பெங்களூருவுக்குப் பிழைக்கச் சென்ற மாணவர் ஒருவர் அண்மையில் தொலைபேசியில் இரண்டு கேள்விகளைக் கேட்டார். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வளர்க்கப்படும் நாய்களைக் காலையிலும் மாலையிலும் நடைக்கு அழைத்துச் செல்வது அவருடைய பணி. "ஹஜ்ரத், இந்தக் கூலி எனக்கு ஹலாலா? இந்த வேலையைச் செய்துகொண்டு நான் தொழும் தொழுகை கூடுமா?" இவையே அக்கேள்விகள். அவற்றோடு ஒரு துயரத்தையும் சொன்னார். அவருடைய வேலை இன்னதென்று அறிந்ததும் பேசி முடித்திருந்த திருமணச் சம்பந்தம் நின்றுவிட்டது. வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்புமாறு அவருடைய அத்தா வற்புறுத்துகிறார். இவை அவர் ஒருவருக்கு மட்டும் உரிய கேள்விகள் அல்ல. நகரங்களுக்குச் செல்லும் நம் பிள்ளைகளில் இன்னும் பலர் இவ்வேலையை நாடக்கூடும் என்பதால் பொதுவில் விடையளிப்பது நலம் எனக் கருதுகிறேன்.

நாயை நடத்திச் செல்லக் கூலிக்கு ஆள் வைப்பார்களா என்று எங்கள் பகுதியில் வியப்பவர்கள் உண்டு. சித்தேரி மலைக்கிராமங்களில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் சாமைக் கொல்லைக்கும் ஆட்டுப்பட்டிக்கும் காவலாக நாய் வளர்க்கிறார்கள். அந்த நாய் தானே மலையேறும். தானே வீடு திரும்பும். அதற்கு நடைப்பயிற்சி அளிக்க எவரும் தேவையில்லை. ஆனால் எட்டாவது மாடியில் ஓர் அறைக்குள் வாழும் நாய்க்கு மலசலம் கழிப்பதற்கும் ஒருவர் கதவைத் திறந்துவிட வேண்டியிருக்கிறது. உரிமையாளர் காலையில் அலுவலகம் சென்று இரவில் திரும்புகிறார். இந்த இடைவெளியில்தான் இத்தொழில் பிறந்தது.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். நாயைப் பற்றி நம் மார்க்கம் கூறுபவை அனைத்தையும் நம் மக்கள் 'நாய் என்றால் நஜீஸ்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறார்கள். உண்மையில் அவை தனித்தனிச் சட்டங்கள். பயிற்றுவிக்கப்பட்ட வேட்டைநாய் நமக்காகப் பிடித்துவந்ததை உண்ண அல்மாயிதா அத்தியாயம் (5:4) அனுமதிக்கிறது. குகைவாசிகளின் வரலாற்றில், வாயிற்படியில் முன்னங்கால்களை நீட்டிப் படுத்திருந்த நாயையும் சேர்த்தே அல்கஹ்ஃப் அத்தியாயம் (18:18, 22) பேசுகிறது. தாகத்தால் தவித்த நாய்க்காகக் கிணற்றில் இறங்கித் தம் காலுறையில் நீர் மொண்டு வந்து புகட்டியவரின் பாவங்களை அல்லாஹ் மன்னித்ததாக நபி (ஸல்) அவர்கள் அறிவித்த செய்தி புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. ஈரமான ஈரல் உள்ள ஒவ்வோர் உயிருக்கும் செய்யும் உதவியில் நற்கூலி உண்டு என்ற பொதுவிதியும் அந்த ஹதீஸிலேயே இருக்கிறது.

மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. வேட்டை, கால்நடை, விவசாயம் ஆகிய தேவைகளுக்கு அன்றி நாய் வளர்ப்பவரின் நன்மையில் நாள்தோறும் குறைவு ஏற்படும் என்பதும், நாய் வாய் வைத்த பாத்திரத்தை ஏழு முறை, அதில் ஒரு முறை மண்ணிட்டுக் கழுவ வேண்டும் என்பதும் ஸஹீஹான ஹதீஸ்களே. முந்தையது வளர்ப்பைப் பற்றிய சட்டம். பிந்தையது தூய்மையைப் பற்றிய சட்டம். அந்த உயிரின் மீது வெறுப்புக் கொள்ளுமாறு இவ்விரண்டில் எதுவும் நமக்குக் கட்டளையிடவில்லை.

இனிக் கூலியைப் பார்ப்போம். நாயின் கிரயத்தைத் தடுக்கும் ஹதீஸை எடுத்துக்காட்டி, இந்த வருமானமும் கூடாது என்று வாதிடுவோர் உண்டு. அந்த ஹதீஸ் பேசுவது நாயை விற்றுப் பெறும் விலையைப் பற்றி. நடத்திச் செல்பவர் எதையும் விற்கவில்லை. தம் உடலுழைப்பையும் நேரத்தையும் தந்து அதற்குரிய ஊதியத்தைப் பெறுகிறார். மார்க்கச் சட்டத்தில் இதற்கு 'இஜாரா' என்று பெயர்.

"தேவையின்றி நாய் வளர்ப்பது விரும்பத்தகாதது எனில், அதற்குத் துணைபோவதும் அவ்வாறே அல்லவா?" என்பது இதைவிட வலுவான கேள்வி. காவல் நாயானால் இக்கேள்விக்கே இடமில்லை. காவலை ஹதீஸில் வந்த தேவைகளோடு ஒப்பிட்டு அனுமதித்த அறிஞர்கள் பலர். அழகுக்காக வளர்க்கப்படும் நாயைப் பொறுத்தவரை பேணுதலுக்காக விலகிக்கொள்ளச் சொல்லும் ஆலிம்கள் இருக்கிறார்கள், அவர்களை மதிக்கிறேன். என் கருத்து வேறு. வளர்ப்பது என்ற முடிவை எடுத்தவர் உரிமையாளர். அதற்கு அவரே பொறுப்பு. அடைபட்டுக் கிடக்கும் நாய் எக்குற்றமும் செய்யவில்லை. அதன் பசியும் தாகமும் கால்களின் தவிப்பும் உண்மையானவை. அவற்றைத் தீர்ப்பவர் ஓர் உயிரின் துன்பத்தைத் தீர்க்கிறார். பூனையைக் கட்டிப்போட்டு, உணவும் தராமல், தானே இரை தேட அவிழ்த்தும் விடாமல் கொன்ற பெண் நரகம் புகுந்தாள் என்ற ஹதீஸை நாம் எத்தனை முறை ஓதியிருக்கிறோம்! கட்டுவது அத்தகைய பாவமாகும்போது கட்டவிழ்த்து நடத்திச் செல்வது எப்படி இழிவாகும்?

ஹிஜ்ரி ஏழாம் நூற்றாண்டின் பேரறிஞர் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்), மனிதர்கள் மீது கால்நடைகளுக்குள்ள உரிமைகளை வரிசைப்படுத்தி எழுதியிருக்கிறார்கள். முதுமையாலோ நோயாலோ பயனற்றுப் போன பிராணிக்கும் செலவு செய்ய வேண்டும், அதன் சக்திக்கு மீறிச் சுமை ஏற்றக் கூடாது என்பவை அவற்றுள் சில. நம் நாட்டில் 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம், வழக்கமாகக் கட்டியோ நெருக்கமாக அடைத்தோ வைத்திருக்கும் நாய்க்கு அதன் உரிமையாளர் நியாயமான அளவு உடற்பயிற்சி அளிக்கத் தவறுவதை வதை என்றே 11ஆம் பிரிவில் குறிப்பிடுகிறது. முதல் குற்றத்துக்கு அச்சட்டம் விதித்த அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரைதான். அல்லாஹ்வின் நீதிமன்றத்தில் கணக்கு அவ்வளவு எளிதாக முடிந்துவிடாது.

அடுத்தது தொழுகை. நாயைத் தொட்டால் உளூ முறிந்துவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். நான்கு மத்ஹபுகளிலும் அவ்வாறு இல்லை. நஜீஸ் பட்டால் பட்ட இடத்தைக் கழுவ வேண்டும். உளூ அப்படியே இருக்கும். எதைக் கழுவ வேண்டும், எப்படிக் கழுவ வேண்டும் என்பதில்தான் வேறுபாடு. ஹனஃபி மத்ஹபின் ஏற்கப்பட்ட கருத்தின்படி நாயின் உடல் நஜீஸ் அன்று, உமிழ்நீரே நஜீஸ். அது பட்ட இடத்தை மூன்று முறை கழுவினால் போதும். ஷாஃபிஈ மத்ஹபில் நாய் முழுமையாக நஜீஸ். ஈரத்தோடு பட்டால் ஏழு முறை, அதில் ஒரு முறை மண் கலந்த நீரால் கழுவ வேண்டும். இரண்டும் உலர்ந்திருந்தால் கழுவ வேண்டியதில்லை. மாலிகி மத்ஹபில் உயிருள்ள நாய் தூய்மையானதே. நாயின் சிறுநீரும் மலமும் எல்லோரிடமும் நஜீஸ்தான். எனவே வேலைக்கென்று தனி உடையும் தனிக் காலணியும் வைத்துக்கொண்டு, வேலை முடிந்ததும் கைகால்களைத் தம் மத்ஹபின்படி கழுவி உடை மாற்றிக்கொண்டால் தொழுகையில் எந்த ஐயமும் எழாது.

உலர்ந்த நாயைத் தொடுவதால் ஈமான் குறைந்துவிடாது என்பதை மலேசியாவில் ஒருவர் செயலில் காட்ட முயன்றார். ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றும் அந்நாட்டில், 2014 அக்டோபர் 19 அன்று சையித் அஸ்மி அல்ஹப்ஷி என்பவர் முஸ்லிம்கள் நாயைத் தொட்டுப் பழகி அச்சம் தெளியும் நிகழ்ச்சி ஒன்றைப் பண்டார் உத்தாமாவில் நடத்தினார். மண்ணும் நீரும் கொண்டு கழுவும் முறையும் அங்கேயே கற்பிக்கப்பட்டது. நூற்றுக்கணக்கானோர் வந்தனர். ஆனால் அவருக்குக் கொலைமிரட்டல்கள் வந்தன. இறுதியில் அவர் பொதுமக்களிடம் வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது. அந்நிகழ்ச்சியின் தேவையைப் பற்றி இருவேறு கருத்துகள் இருக்கலாம். கழுவினால் நீங்கும் ஓர் அசுத்தத்துக்காக ஒரு முஸ்லிமின் உயிருக்கு மிரட்டல் விடுப்பது எந்த மத்ஹபில் இருக்கிறது?

இத்தொழிலில் இறங்க விரும்பும் இளைஞர்களுக்குச் சில சொல்ல விரும்புகிறேன். முதலில் ஊதியமின்றிச் சேவையாகத் தொடங்குங்கள். சென்னையில் 1959 முதல் இயங்கிவரும் புளூ கிராஸ், பெங்களூருவில் 1991இல் தொடங்கப்பட்ட கியூபா போன்ற பிராணிநல அமைப்புகள் தன்னார்வலர்களின் துணையோடு நடப்பவை. காதை மடக்குவது, வாலை ஒடுக்குவது, உடலை விறைப்பது, உறுமுவது என ஒவ்வொன்றின் பொருளையும் அத்தகைய இடங்களில் பழகியவர்களிடம் கற்றுக்கொள்ளுங்கள். பணியை ஏற்குமுன் நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி போடப்பட்டிருக்கிறதா, மாநகராட்சி உரிமம் இருக்கிறதா என்று கேட்டறியுங்கள். முதல் நாள் உரிமையாளரும் உடன் நடக்கட்டும். எத்தனை நிமிடம், எவ்வளவு கூலி, காயம் ஏற்பட்டால் மருத்துவச் செலவு யாருடையது என்பவற்றை எழுதி வாங்குங்கள். கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுமாறு குர்ஆனே (2:282) அறிவுறுத்துகிறது.

தொடக்கத்தில் ஒரு நேரத்தில் ஒரு நாய் போதும். கழுத்துப்பட்டையும் கயிறும் உறுதியாக இருக்கட்டும். கயிற்றைத் தெருவில் அவிழ்க்க வேண்டாம். 2024 மே மாதம் சென்னை ஆயிரம்விளக்குப் பகுதிப் பூங்காவில் இரண்டு ராட்வைலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறிய கொடுமையை எவரும் மறக்கலாகாது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவு, தன் வசமுள்ள பிராணியால் பிறருக்குத் தீங்கு நேராமல் தடுக்கத் தவறுபவருக்கு ஆறு மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம் என்கிறது. உரிமையாளர் என்று கூறாமல் தன் வசம் வைத்திருப்பவர் என்று கூறுவதைக் கவனியுங்கள். கயிறு உங்கள் கையில் இருக்கும்வரை பொறுப்பும் உங்களுடையதே. கடிபட்டால் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் காயத்தைக் கழுவிவிட்டு உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். முன்கூட்டியே தடுப்பூசி போட்டுக்கொள்வது குறித்தும் மருத்துவரிடம் கேளுங்கள். கோடையில் தார்ச்சாலையில் உங்கள் புறங்கையை வைத்துப் பாருங்கள். உங்களால் பொறுக்க முடியாத சூட்டில் அதன் பாதங்களை நடத்தாதீர்கள். அதன் கழிவைப் பையில் எடுத்து அப்புறப்படுத்துங்கள். மக்கள் நடக்கும் பாதையில் அசுத்தம் செய்வதை நபி (ஸல்) அவர்கள் கண்டித்திருப்பதை அறிவோம்.

அமானிதத்தையும் நினைவூட்டுகிறேன். அரைமணி நேரக் கூலி வாங்கிக்கொண்டு நாயை மரத்தடியில் கட்டிவிட்டுக் கைப்பேசி பார்ப்பது மோசடி. அந்த நாய்க்குச் சாட்சி சொல்லும் வாய் இல்லை. ஆனால் பார்ப்பவன் ஒருவன் இருக்கிறான்.

இத்தொழிலின் பெரிய சோதனை நஜீஸில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. நாய்களை நடத்த உகந்தவை வெயில் ஏறாத விடியலும் பொழுது சாயும் நேரமும். அவை ஃபஜ்ரும் மஃக்ரிபும் வரும் நேரங்கள். ஆகவே ஃபஜ்ரை ஜமாஅத்துடன் தொழுதுவிட்டே முதல் வீட்டுக்குச் செல்வேன், மஃக்ரிப் பாங்குக்கு முன் கடைசி நாயை வீட்டில் சேர்ப்பேன் என்பதை முதல் நாளே உரிமையாளரிடம் கூறிவிடுங்கள். நேர ஒழுங்கோடு வாழ்பவரைத்தான் அவர்களும் நம்புவார்கள்.

பெற்றோர்க்கும் ஜமாஅத்தார்க்கும் ஒரு வேண்டுகோள். 'நாய்ப் பிழைப்பு' என்பது நம் மொழியில் ஒரு வசைச்சொல். அந்தச் சொல்லை வைத்து ஒரு பிள்ளையின் உழைப்பை எடைபோடாதீர்கள். நபிமார்கள் எல்லோரும் ஆடு மேய்த்தார்கள். நம் நபி (ஸல்) அவர்கள் மக்காவாசிகளின் ஆடுகளைச் சில கீராத் கூலிக்கு மேய்த்ததாக புகாரீயில் உள்ளது. பிராணியின் பின்னால் நடந்து கூலி பெறுவது இழிவென்றால் அந்த வரலாற்றை எங்கே வைப்பது? வட்டிக்கடையில் கணக்கு எழுதும் மாப்பிள்ளையைத் தயங்காமல் ஏற்றுக்கொள்ளும் வீடுகள், வியர்வை சிந்தி நடக்கும் மாப்பிள்ளையைத் திருப்பி அனுப்புகின்றன. பெண் கொடுக்குமுன் ஃபஜ்ருக்குப் பள்ளிக்கு வருகிறாரா, பொய் பேசாதவரா, உழைப்பாளியா என்று விசாரியுங்கள். நாயின் உமிழ்நீர் பட்ட ஆடையைத் தண்ணீர் தூய்மையாக்கிவிடும். ஹராமான பணத்தில் வாங்கிய ஆடையை எத்தனை முறை கழுவினாலும் அது தூய்மையாகாது.

வல்ல ரஹ்மான் நம் பிள்ளைகளின் ரிஸ்கில் பரக்கத் செய்வானாக. வாயில்லா ஜீவன்கள் விஷயத்தில் அவனை அஞ்சி நடக்கும் நல்லுள்ளத்தை நம் அனைவருக்கும் தருவானாக. ஆமீன். அல்லாஹ்வே மிக்க அறிந்தவன்.