தாய் எங்கே?

இந்த வாரம் என்னை மகிழ்வித்தது யார்க்‌ஷயரிலிருந்து அக்கா மகன் போனில் சொன்ன ஒரு புகார். பறவை வேட்டைக்குப் பழக்க ஸ்ப்ரிங்கர் ஸ்பானியல் குட்டி தேடுகிறான். "விலை கேட்டா சொல்ல மாட்டேங்கிறாங்க மாமா. பகல்ல வீட்ல யார் இருப்பா, தினமும் எவ்வளவு தூரம் ஓட விடுவே, வளர்க்க முடியலைன்னா எங்கிட்டயே திருப்பிக் கொடுப்பியான்னு என்னைக் கேள்வி கேக்குறாங்க" என்று அலுத்துக்கொண்டான். "அந்த இடத்தை விட்டுடாதே" என்றேன்.

ஸ்ப்ரிங்கரில் கண்காட்சிக்கு வளரும் வம்சம் வேறு, புதரில் நுழைந்து பறவையைக் கிளப்பும் வம்சம் வேறு. அதனால் பெற்றோர் வேலை செய்வதைப் பார்க்க வேண்டும். ஃபியூகோசிடோசிஸ் என்ற பரம்பரை நோய் இந்த இனத்தில் உண்டு. நரம்பு மண்டலத்தைச் சிதைத்து நாயைக் கொன்றுவிடும். தாய், தகப்பன் இரண்டின் மரபணுச் சோதனைச் சான்றையும் கேட்டு வாங்க வேண்டும். சான்றுகளின் பட்டியல் இன்னும் நீளும். ஆனால் தாய் என்று எழுதியதுமே லூசி நினைவுக்கு வந்துவிட்டாள்.

லூசியும் ஸ்பானியல்தான், கவலியர் கிங் சார்லஸ். வேல்ஸில் ஒரு குட்டிப் பண்ணையில் கூண்டுக்குள் ஈன்று ஈன்றே உடல் சிதைந்தவள். 2013இல் மீட்கப்பட்டபோது இடுப்பெலும்புகள் இறுகி, முதுகு வளைந்திருந்தது. 2016இல் இறந்தாள். அவள் பெயரால் மார்க் ஏப்ரகாம் என்ற கால்நடை மருத்துவர் முன்னின்று போராட, 2020 ஏப்ரலில் இங்கிலாந்தில் சட்டம் வந்தது: 6 மாதத்துக்குக் குறைந்த குட்டியை இடைத்தரகர் விற்கக் கூடாது, வளர்ப்பவர், குட்டி பிறந்த இடத்திலேயே தாயோடு சேர்த்துக் காட்ட வேண்டும்.

குட்டியின் படத்தைக் காட்டி விற்பவர்கள்மேல் எனக்குள்ள கோபம் இந்தப் பத்தியை வாசிப்பவர்களுக்குத் தெரியும். அந்தப் படங்களில் தாய் இருப்பதில்லை. கேட்டால் மருத்துவரிடம் போயிருக்கிறது, உறவினர் வீட்டில் இருக்கிறது என்பார்கள். குட்டியை எப்படியும் குளிப்பாட்டி அழகாக நிறுத்திவிடலாம். தாயின் தொங்கிய மடி, உரோமம், ஆள் வந்தால் அது ஓடி வருகிறதா ஒடுங்குகிறதா என்பதெல்லாம் மறைக்க முடியாதவை. வளர்ப்பவரின் யோக்கியதை அங்கேதான் தெரியும்.

"தாயைக் காட்டலைன்னா, பாவம் இந்தக் குட்டியையாவது காப்பாத்தலாமேன்னு வாங்கிடாதே" என்றும் அவனிடம் சொன்னேன். இரக்கப்பட்டுக் கொடுத்தாலும் அந்தப் பணம் பண்ணைக்காரனுக்கு லாபம்தான். அந்த லாபத்துக்காகவே தாய் நாயை அவன் மறுபடியும் சினையாக்குகிறான். வெறுங்கையோடு திரும்பி, உள்ளாட்சி அலுவலகத்தில் புகார் கொடுப்பதுதான் அவளுக்குச் செய்யும் உதவி.