நாவில் ஒட்டிய நீலம்

சென்ற மாதம் ஆம்பூரில் நண்பர் ஒருவரின் இல்லத்துக்குச் சென்றிருந்தோம். அவருடைய பேத்திக்கு ஐந்தாவது பிறந்த நாள். குழந்தையின் தாய் காலணித் தொழிற்சாலையில் தையல் பிரிவில் பணிபுரிபவர். பகலெல்லாம் எந்திரத்தின் முன் அமர்ந்து தோல் தைத்துவிட்டு வந்து, இரண்டு இரவுகள் கண்விழித்துத் தம் கையாலேயே கேக் செய்திருந்தார். இரண்டு அடுக்கு, கீழே கடல், மேலே வானம், நடுவில் ஒரு கடற்கன்னி. அலைகளின் விளிம்பில் ஓடிய புள்ளிக்கோடு, நல்ல காலணியின் விளிம்புத் தையலைப் போல இடைவெளி பிசகாமல் இருந்தது. பழகிய கையின் நேர்த்தி அது.

கேக்கை வெட்டி, பாட்டுப் பாடி முடித்துக் கால்மணி நேரத்தில் வீட்டிலிருந்த குழந்தைகள் அனைவரும் ஒருவருக்கொருவர் நாக்கை நீட்டிக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எல்லா நாக்கும் நீலம். உதடுகளும் நீலம். நண்பரின் தமையனார், தோல் பதனிடும் ஆலையில் முப்பது ஆண்டுகள் உழைத்து ஓய்வுபெற்றவர், குழந்தையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு சொன்னார்: "டிரம்முல சாயம் ஓட்டுற காலத்துல எங்க கை இப்பிடித்தாங்க இருக்கும். சோப்பு போட்டாலும் ஒரு வாரத்துக்குப் போகாது."

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அந்தத் தாயின் முகம் சுருங்கிவிட்டது. "பாக்கெட்டுல ஃபுட் கலருன்னுதான் போட்டிருந்துச்சு, பெரிய மாமா" என்றார். இக்கட்டுரை அந்த ஒற்றை வாக்கியத்திலிருந்து பிறந்தது.

முதலிலேயே ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறோம். வீட்டில் செய்யும் பலகாரத்தை அழகுபடுத்துவதை வீண்வேலை என்று சொல்வோரின் பக்கம் நாம் இல்லை. பண்டிகை என்பதே தேவைக்கு மேல் ஒன்றைச் செய்வதுதான். வயிற்றுக்கு மட்டுமென்றால் கோலம் எதற்கு, பூ எதற்கு? கேக்கை 'அணிச்சல்' என்று எழுதும் தமிழன்பர்கள் உண்டு. சொல் நிலைக்குமோ நிலைக்காதோ, அதற்குள் 'அணி' இருப்பது நமக்குப் பிடித்திருக்கிறது. நம் கேள்வி, அந்த அணியை எதனால் செய்கிறோம் என்பதே.

பாலாற்றங்கரையில் வேலூர், மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி என்று நீளும் இந்தத் தோல் வட்டாரத்து வீடுகளில் பண்டிகைப் பலகாரத்துக்கு எப்போதும் அலங்காரம் இருந்தது. கிறிஸ்துமசுக்கு முந்தைய வாரத்தில் கல்கல் செய்யும் வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பெண்கள் வட்டமாக அமர்ந்து, கோலிக்குண்டு அளவு மாவை முள்கரண்டியின் முதுகிலோ புதிய சீப்பின் பல்லிலோ வைத்துக் கட்டைவிரலால் அழுத்திச் சுருட்டுவார்கள். வரிவரியாகக் கோடு விழுந்து அது ஒரு சிறு கிளிஞ்சலாகிவிடும். அச்சு முறுக்கின் அழகு அச்சில் இருக்கிறது. சூடேறிய அச்சை மாவில் முக்கால் ஆழம் மட்டும் தோய்த்து, எண்ணெயில் இறக்கி, நேரம் பார்த்து உதறினால் பூ தனியே மிதக்கும். ரம்ஜானுக்கு நான்கட்டாய் செய்யும் வீடுகளில், உருட்டிய மாவின் நடுவே விரலால் ஒரு குழி, குழியில் ஒரு பிஸ்தாத் துண்டு. வேகும்போது மேற்பரப்பு தானே வெடித்துக் கோலமிட்டுக்கொள்ளும்.

இவை அனைத்திலும் அழகு உருவத்தில் இருந்தது. நிறத்தை நெருப்பு தந்தது. மாவும் வெல்லமும் நெய்யும் சிவந்து தந்த நிறம். கேக்குக்கும் தொடக்கத்தில் இதுவே வழக்கம். 1883இல் தலைச்சேரியில் மம்பள்ளி பாபு சுட்டுத் தந்த கிறிஸ்துமஸ் கேக்கிலிருந்து, வேலூரின் மிஷன் வளாகங்களில் டிசம்பர்தோறும் மணத்த பழக்கேக் வரை எல்லாம் பழுப்பு நிறம்தான். அதன்மீது முந்திரியை வட்டமாக அடுக்கினால் அலங்காரம் முடிந்தது.

நிறம் எப்போது உள்ளே வந்தது? வெள்ளைக் கிரீம் வந்தபோது வந்தது என்பது நம் எண்ணம். வெண்ணெயும் பொடித்த சர்க்கரையும் சேர்த்து அடிக்கும் ஐசிங் வேலூர் வெயிலில் நிற்பதில்லை. முப்பது டிகிரியைத் தாண்டினாலே வெண்ணெய் இளகத் தொடங்கும். நம் ஊரிலோ மே மாதத்தில் நாற்பதைத் தொடுகிறது. ஆகவே சற்றே தாக்குப்பிடிக்கும் தாவரக் கொழுப்புக் கிரீமும், சர்க்கரையை மாவுபோல் பிசைந்து விரிக்கும் ஃபாண்டன்டும் வீடுகளுக்கு வந்தன. இரண்டும் தூய வெள்ளை. பழுப்புக் கேக் நிறம் கேட்பதில்லை. வெள்ளைப் பரப்போ வெறுந்தாளைப் போல நிறத்தை அழைத்துக்கொண்டே இருக்கிறது. 2020இன் ஊரடங்கில் வீட்டுக்கு வீடு கேக் செய்யக் கற்றுக்கொண்டபோது, காணொளிகளில் கண்ட கடல்நீலமும் இரத்தச்சிவப்பும் கரும்பச்சையும் நம் அடுக்களைகளுக்குள் வந்து சேர்ந்தன.

வரட்டுமே, அதனால் என்ன என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2011இல் நடைமுறைக்கு வந்த இந்திய உணவு விதிமுறைகள் டார்ட்ரசைன், சன்செட் எல்லோ, கார்மோசைன், பிரில்லியன்ட் புளூ உள்ளிட்ட எட்டுச் செயற்கை நிறங்களைப் பெயர் சொல்லி அனுமதித்தன. கேக் போன்ற பண்டங்களில் அவற்றின் மொத்த அளவு பத்து லட்சத்தில் நூறு பங்கைத் தாண்டக்கூடாது. அதாவது ஒரு கிலோ கேக்குக்கு நூறு மில்லிகிராம், ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு. ஐந்து கிராம் தூய நிறத்தூள் ஐம்பது கிலோ கேக்குக்குப் போதும். நூறு மில்லிகிராமை அளக்கும் கரண்டி எந்த அடுக்களையில் இருக்கிறது? வெளிர்நீலத்துக்கு ஒரு சிட்டிகை என்றால், காணொளியில் கண்ட கடல்நீலம் வரும்வரை இன்னொன்று, மற்றுமொன்று என்று கை போய்க்கொண்டே இருக்கிறது. கடைக்காரருக்காவது எப்போதேனும் அதிகாரி வருவார் என்ற அச்சம் இருக்கும். தன் குழந்தைக்குத் தாய் செய்யும் கேக்கைச் சோதிக்க எவரும் வருவதில்லை.

2024 பிப்ரவரியில் தமிழக அரசு நிறமேற்றிய பஞ்சுமிட்டாய்க்குத் தடை விதித்ததை மறந்திருக்க மாட்டோம். சோதனையில் அகப்பட்டது ரோடமின்-பி. துணிக்கும் காகிதத்துக்கும் தோலுக்கும் ஏற்றுகிற சாயம் அது. அதே ஆண்டு அக்டோபரில் கர்நாடக உணவுப் பாதுகாப்புத் துறை 235 கேக் மாதிரிகளைச் சோதித்து, அவற்றுள் 12 செயற்கை நிறத்தால் உண்ணத் தகாதவை என்று அறிவித்தது. அனுமதி பெற்ற நிறங்களும் ஐயத்துக்கு அப்பாற்பட்டவை அல்ல. 2007இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வொன்று சில நிறங்களின் கலவைக்கும் குழந்தைகளின் மிகைத்துடிப்புக்கும் தொடர்பிருக்கலாம் என்றது. ஆய்வின் முடிவு உறுதியானதன்று என அறிவியலாளர் பலர் கூறினர். ஆயினும் ஐரோப்பிய ஒன்றியம் 2010 ஜூலை முதல், அந்த ஆறு நிறங்களில் எதைச் சேர்த்தாலும் குழந்தைகளின் செயல்பாட்டையும் கவனத்தையும் பாதிக்கக்கூடும் என்று பொட்டலத்தின்மீது அச்சிட வேண்டும் என்றது. அந்த ஆறில் டார்ட்ரசைன், சன்செட் எல்லோ, கார்மோசைன், பான்சோ 4ஆர் ஆகிய நான்கும் நம் நாட்டின் அனுமதிப் பட்டியலில் இடம்பெற்றவை.

இனி நாம் சொல்ல விரும்பியதற்கு வருகிறோம். இந்தியாவில் வேறெந்த ஊரும் இதை அறியாமல் இருக்கலாம். நம் வட்டாரம் அறியாமல் இருக்க முடியாது. சாயத்தைப் பற்றி, 'பத்து லட்சத்தில் ஒரு பங்கு' என்ற அளவைப் பற்றி நம் ஊருக்கு ஒரு தலைமுறைக்கு முன்பே பாடம் நடந்துவிட்டது.

1989இல் ஜெர்மனி, தோலில் பூஞ்சை பிடிக்காதிருக்கச் சேர்த்த பென்டாகுளோரோபீனால் என்னும் வேதிப்பொருளுக்குத் தடை விதித்தது. பத்து லட்சத்தில் ஐந்து பங்குக்கு மேல் இருந்தால் சரக்கு உள்ளே வராது. 1994இல் அதே நாடு, நச்சு அமின்களை வெளியிடும் அசோ சாயங்களைத் தடுத்தது. இந்திய அரசும் 1997இல் அத்தகைய சாயங்கள் பலவற்றுக்குத் தடை விதித்தது. நம் ஆலைகள் முனகின, ஏற்றுமதி போய்விடும் என்று அஞ்சின, பிறகு மாறின. மாற்றுச் சாயம் தேடின, சோதனைச் சான்று வாங்கின, ஒவ்வொரு டப்பாவின் பெயரையும் படித்துப் பார்க்கக் கற்றன. ஐரோப்பியர் ஒருவரின் பாதத்தில் படப்போகும் தோலுக்காக இத்தனையும் செய்த ஊர் இது. அந்தப் பாதத்துக்குக் காட்டிய கவனத்தை நம் குழந்தையின் நாவுக்குக் காட்டக்கூடாதா?

இன்னொன்றும் உண்டு. ஆலைக்கழிவால் பாலாறு பாழானதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெருந்தீங்கு நேரக்கூடும் என்னும் நிலையில், அறிவியல் உறுதி கிடைக்கவில்லை என்று காத்திருக்கலாகாது; தீங்கில்லை என மெய்ப்பிக்கும் பொறுப்பு அதைச் செய்பவருடையது. முன்னெச்சரிக்கைக் கோட்பாடு என்று சட்ட மாணவர்கள் நாடெங்கும் படிக்கும் பாடம் நம் ஆற்றின் பெயரால் எழுதப்பட்டது. ஆற்றுக்குப் பொருந்தும் நியாயம் அடுக்களைக்கும் பொருந்தும். அங்கே மெய்ப்பிக்கும் பொறுப்பு நிறத்தை விற்பவருடையது. பொட்டலத்தில் அச்சிட்டதை நம்பிய தாயுடையதன்று.

மறுப்புகள் வரும் என்பதை அறிவோம். தையல் பிரிவிலிருந்து களைத்து வந்து, மாலையில் நாலு கேக் செய்து விற்றுப் பள்ளிக் கட்டணம் கட்டும் பெண்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். "நிறம் குறைந்தால் ஆர்டர் குறையும், உங்கள் உபதேசத்தை யார் வாங்குவார்?" என்று அவர்கள் கேட்டால் அது நியாயமான கேள்வி. அவர்களை நோக்கி விரல் நீட்ட நாம் இதை எழுதவில்லை. நிறம் கேட்பவர்கள் நாம். படத்தைக் காட்டி, "இதே நீலம் வேண்டும்" என்று சொல்வது நம் வாய். அந்த வாய் மாறினால் அவர்கள் கையும் மாறும். குழந்தைகளின் மகிழ்ச்சியைக் கெடுக்கலாமா என்றும் கேட்பார்கள். குழந்தைக்கு வேண்டியது வியப்பு. கல்கல் சுருட்டும்போது அருகில் அமர்ந்து மாவைத் திருடிய குழந்தைக்குக் கிடைத்த வியப்பில் எந்தச் சாயமும் இல்லை.

வழிகளும் இல்லாமல் இல்லை. சங்குப்பூவை வெந்நீரில் ஊறவைத்த சாறு நல்ல நீலம். அதில் இரண்டு சொட்டு எலுமிச்சை விட்டால் கண்முன்னே ஊதாவாகும், குழந்தைகளுக்கு அது ஒரு வேடிக்கை. பீட்ரூட் சாற்றைச் சுண்டக்காய்ச்சினால் இளஞ்சிவப்பு. ஆனால் அதை மாவில் கலந்து சுட்டால் நிறம் மங்கிப் பழுப்பாகிவிடும். கிரீமில்தான் சேர்க்க வேண்டும். மஞ்சள்தூளைச் சமையல் சோடா கலந்த மாவில் போட்டால் செம்பழுப்பாக மாறும். அதற்கும் கிரீமே இடம். டிகாஷனும் கோகோவும் மரத்தின் நிறம் தரும். இவை யாவும் வெளிர் நிறங்கள். கடல்நீலம் வராது, அதிகாலை வானம் வரும். அது போதும் என்று பழகிக்கொள்ள வேண்டியதுதான். செயற்கை நிறமே வேண்டுமென்றால், பொட்டலத்தில் நிறத்தின் பெயரும் பதினான்கு இலக்க உரிம எண்ணும் இருக்கிறதா என்று பார்த்து வாங்கி, கேக் முழுவதையும் மூழ்கடிக்காமல் ஒரு பூவுக்கு மட்டும் வைக்கலாம். உதிரியாகக் கட்டி விற்கும் தூளைத் தொடவே வேண்டாம்.

குரோமியம் வருவதற்கு முன் நம் ஊர்த் தோல் ஆவாரம்பட்டையில் பதனிடப்பட்டது. பட்டை தந்த இளமஞ்சள் பழுப்பே அதன் நிறம். கடல் கடந்து அதை வாங்கியவர்கள் அந்த நிறத்துக்காகவும் வாங்கினார்கள். பொருளின் சொந்த நிறத்தை அழகென்று காணும் கண் நம்மிடம் ஒரு காலத்தில் இருந்தது என்பதற்காக இதைச் சொல்கிறோம்.

அன்று விடைபெறும்போது அந்தத் தாயிடம், கேக்கின் விளிம்பில் ஓடிய புள்ளிக்கோட்டைப் பற்றிச் சொன்னோம். அதுதான் எல்லாவற்றிலும் அழகாக இருந்தது என்றோம். எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டோம். பழைய கைக்கடிகாரம் ஒன்றின் பற்சக்கரத்தைக் கழுவி, ஊசியில் கோத்து, ஓரமாக உருட்டினாராம். "அத யாருமே கவனிக்கலைங்க" என்றார். அந்தக் கோட்டில் நிறம் எதுவும் இல்லை.