வீட்டுத்தோட்டம்: பொத்திக்குள் பூக்கும் பூக்கள்



சரவணையில் இருக்கும் அக்கா ஒருவர் சோளப் பொத்தி ஒன்றை என் கையில் தந்தார். "பாருங்கோ பிள்ளை, பல்லு விழுந்த கிழவியின்ரை வாய் மாதிரிக் கிடக்கு. இதை ஆர் வாங்குவினம்?" என்றார். 1990இல் இடம்பெயர்ந்து, கணவரை இழந்து, ஊர் திரும்பி, வளவுப் பயிரை நம்பிப் பிள்ளையைப் படிப்பிப்பவர் அவர். அவித்த பொத்தி விற்று வரும் காசு அவருக்குச் சின்னக் காசு அல்ல. வேலியோரமாக ஒரே வரிசையில் பதினாறு கன்று நட்டிருந்தார். பூச்சியும் இல்லை, பசளையும் குறையவில்லை.

குறை பூவில்தான் இருந்தது. சோளத்தின் உச்சியில் விரிந்து நிற்பது ஆண் பூ. பொத்தி என்பது பெண் பூக்களின் கூட்டம். இளம் பருவத்தில் எல்லாப் பூக்களிலும் ஆண் பகுதியும் பெண் பகுதியும் அரும்பும். பிறகு பொத்தியில் ஆண் பகுதியும் உச்சியில் பெண் பகுதியும் வளராமல் நின்றுவிடும். பொத்தித் தண்டில் பூக்கள் சோடி சோடியாக வருவதால், மணி வரிசைகளை எண்ணினால் பன்னிரண்டு, பதினான்கு, பதினாறு என்று இரட்டை எண்ணாகவே இருக்கும். பிள்ளைகளை எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள்.

பிள்ளைகள் தாடியாக ஒட்டி விளையாடும் அந்த நூல்களில் ஒவ்வொன்றும் ஒரு பூவுக்குச் சொந்தம். நூலில் மகரந்தம் ஒட்டி, அது குழாயாக வளர்ந்து அடிவரை இறங்கினால் அங்கே ஒரு மணி உருவாகும். மகரந்தம் விழாத நூலின் அடியில் வெறும் இடம்தான். பொத்தியின் அடிப்பக்க நூல்கள் முதலில் வெளிவரும், நுனிப்பக்கத்தவை கடைசியில் வரும். தண்ணீர் குறைந்தால் நூல் வெளிவரப் பிந்தும், அதற்குள் மகரந்தம் கொட்டித் தீர்ந்துவிடும். கோடையில் நமது தீவுக் கிணறுகள் உவர்ப்பது தெரிந்ததுதானே. ஆகவே பூக்கும் அந்த இரண்டு கிழமைக்காவது நல்ல தண்ணீரை ஒதுக்கி வையுங்கள்.

சோளத்துக்கு மகரந்தம் கொண்டு வருவது காற்று. ஒற்றை வரிசையில் நட்டால் அது மகரந்தத்தைப் பக்கத்து வளவுக்குக் கொண்டுபோய்விடும். தீவுக் காற்றைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லவும் வேண்டுமா! அதே பதினாறு கன்றையும் நாலு நாலாகச் சதுரமாக நட்டால் ஒன்றின் தூள் மற்றதில் விழும்.

கன்று குறைவாக இருந்தால் கையாலும் செய்யலாம். காலையில் பனி காய்ந்ததும் உச்சிப் பூவைக் கடதாசிப் பைக்குள் தட்டி, விழும் மஞ்சள் தூளை உடனேயே நூல்களின் மேல் தூவுங்கள். அந்தத் தூள் நெடுநேரம் உயிரோடு இராது. நாலைந்து காலை இப்படிச் செய்யவேண்டும்.

அமெரிக்காவில் பார்பரா மக்லின்டொக் என்ற பெண் விஞ்ஞானி இதே வேலையை ஆண்டுக்கணக்காகத் தன் கையாலேயே செய்தவர். சோள மணிகளின் நிறப் புள்ளிகளை ஆராய்ந்து, மரபுக்கூறுகள் இடம் மாறுகின்றன என்று கண்டார். 1950களில் பலர் அதை ஏற்கவில்லை. 1983இல், 81 வயதில், அதற்காகவே மருத்துவத்துக்கான நோபல் பரிசு அவருக்குத் தனியாகக் கிடைத்தது.

தூவியது பலித்ததா என்று அறிய ஒரு வழி உண்டு. மூன்று நாலு நாள் கழித்து ஒரு பொத்தியை மெதுவாக உரித்துக் குலுக்குங்கள். கருக்கட்டிய பூவின் நூல் கழன்று விழும். ஒட்டிக்கொண்டே இருக்கும் நூல் இன்னும் மகரந்தத்துக்குக் காத்திருக்கிறது. மறுநாள் காலை மற்றப் பொத்திகளுக்குத் திரும்பவும் தூவுங்கள்.