உச்சி ஒன்றுதானா?

மலையேற்றம் என்றதும் 1953-இல் எவரெஸ்டின் உச்சியில் நின்ற டென்சிங்கும் ஹிலாரியுமே நம் நினைவுக்கு வருகின்றனர். உச்சியைத் தொட்டால்தான் ஏற்றமா?

இங்கிலாந்தில் ஒரு காலத்தில் பாறையேற்றம் என்பது ஆல்ப்ஸ் செல்வோருக்கான பயிற்சியாகவே கருதப்பட்டது. 1886-இல் ஹாஸ்கெட் ஸ்மித் என்பவர் நேப்ஸ் நீடில் என்னும் ஊசிப்பாறையில் தன்னந்தனியாக ஏறினார். அங்கே தனி விளையாட்டு ஒன்று பிறந்தது என்பர். பின்னாளில் கணிதப் பேராசிரியரான ஜான் கில், 1950-களில் சிறு பாறைகளில் கயிறின்றி ஏறும் 'போல்டரிங்'கில் ஜிம்னாஸ்டிக்ஸ் நுணுக்கங்களைப் புகுத்தினார். செயற்கைச் சுவர்கள் வந்தபின் விரைவேற்றமும் கயிற்றேற்றமும் தனித்தனியே வளர்ந்தன.

ஆனால் 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் மூன்றையும் ஒரே பதக்கத்தில் அடைத்தனர். குண்டு எறிபவரையும் உயரம் தாண்டுபவரையும் ஒரே தராசில் நிறுத்தலாமா? 2024-இல் பாரிஸில் விரைவேற்றத்துக்குத் தனிப் பதக்கம் கிடைத்தது. 15 மீட்டர் சுவரை ஆடவர் ஐந்து வினாடிக்குள் ஏறினர். அங்கே உச்சி பெரிதன்று, நொடியே பெரிது. இதுவே நியாயம் என்பேன்.

தத்துவத்திலிருந்து பிரிந்ததால் இயற்பியல் தாழ்ந்துவிட்டதா? எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். "என்ன வேலை கிடைக்கும்?" என்ற ஒரே உச்சியை வைத்தே ஊரார் என் படிப்பை அளக்கின்றனர். நண்பர்களே, ஒவ்வோர் ஏற்றத்துக்கும் அதற்குரிய அளவுகோல் உண்டு. அதைக் கொண்டே அளப்போம்!